பட்டி போடாமல் ஆடு பிடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இணைப்பிதழில் ரிம்வேர்ல்டு என்ற கணினி விளையாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். வேற்றுக் கிரகத்தில் சில மனிதர்களை வைத்து ஒரு காலனி, அதாவது குடியிருப்பு, அமைத்துப் பிழைக்க வைக்கும் விளையாட்டு அது. இதைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதே அபூர்வம் என்பதால் இரண்டு தடவை படித்தேன். வீடு கட்டுவது, குளிர்பதன அறை வைப்பது, கொள்ளையர் வந்தால் எங்கே நின்று சுடுவது எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. விலங்குகளைப் பற்றிய சின்னப் பெட்டிச் செய்தியோடுதான் எனக்கு வழக்கு. தொடக்கத்திலேயே கண்ணில் படுகிற விலங்கையெல்லாம் பழக்கிக்கொள்ள வேண்டும் என்றும், ஏரியா, அதாவது தரையில் ஒரு எல்லைக்கோடு, வரைந்து ஆடுமாடுகளை அதற்குள் விட்டுவிட்டால் போதும் என்றும் அதில் இருந்தது. இரண்டாவது யோசனை இப்போதைய பதிப்பில் நடக்காது. முதல் யோசனை நடக்கும். ஆனால் அப்படிச் செய்தவர்களின் காலனி முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். வயது 51. மூன்று வருடங்களுக்கு முன்னால் என் மகன் மடிக்கணினியில் இதை ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நானும் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை 900 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் பெரும்பகுதி சண்டையில் போகவில்லை, பட்டியில் போனது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெட்டிச் செய்தி சொன்னதைத்தான் என் முதல் காலனியில் நானும் செய்தேன். யாரும் சொல்லாமலே செய்தேன். மிதவெப்பக் காட்டில் 4 பேரோடு தொடங்கினேன். இடம் தேர்ந்தெடுக்கும்போதே வளர்பருவம் 60 நாளில் 30 என்று திரையில் இருந்தது. ரிம்வேர்ல்டில் ஒரு வருடம் என்பது 60 நாள்தான். 15 நாளுக்கு ஒன்றாக 4 பருவம். அந்த 30 என்ற எண்ணைப் பார்த்தேன், ஆனால் அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. கோடை முடிவதற்குள் 4 பசு, 9 ஆடு, 2 அல்பாக்கா, 8 கோழி சேர்ந்துவிட்டன. மொத்தம் 23. நீளம் 12, அகலம் 12 கட்டத்தில் ஒரு வேலி. பால் வந்தது, முட்டை வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

இலையுதிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் பட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை என்று ஒரு கட்டம்கூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம் நிற்கிறது, இந்தப் பக்கம் வெறும் மண். ஆடுகள் வேலியோரமாகவே நின்றுகொண்டிருந்தன. அது நிரலில் தற்செயலாக அமைந்த நிலையாகக்கூட இருக்கலாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் பனி விழுந்தது. மனிதர்களுக்கு வைத்திருந்த அரிசியையும் உருளைக்கிழங்கையும் பட்டிக்குள் கொண்டுபோய்க் கொட்டினேன். அதுவும் தீர்ந்தது. பசு ஒன்று பசியால் விழுந்தது, அடுத்து அல்பாக்கா. பிறகு மனிதர்களும் பட்டினி. சாப்பாடு இல்லாமல் மனம் உடைந்த ஒருவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் தட்டுமுட்டுச் சாமான்களை அடித்து நொறுக்கினார். மகன் வந்து பார்த்துவிட்டு, ‘‘அம்மா, நீ மார்க்கரைக் கிளிக் பண்ணியே பாக்கலையா?’’ என்றான். பார்க்கவில்லை.

அவன் சொன்னது பென் மார்க்கரை. பட்டிக்கு நடுவில் நடுகிற ஒரு கம்பம் அது. அது இருந்தால்தான் விளையாட்டு அந்த இடத்தைப் பட்டியாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் பெட்டிச் செய்தியில் அந்தக் கம்பத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். டைனன் சில்வெஸ்டர் உருவாக்கி, லூடியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட இந்த விளையாட்டின் 1.0 பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. அப்போது எல்லா விலங்குக்கும் ஒரே முறைதான். தரையில் ஒரு ஏரியா வரைந்து, விலங்கின் பெயருக்கு நேரே அதைக் குறித்துவிட்டால் அது அந்த எல்லையைத் தாண்டாது. மாட்டுக்கும் அதே, நாய்க்கும் அதே. 2021 ஜூலையில் வந்த 1.3 பதிப்பு இதை இரண்டாகப் பிரித்தது. ஆடு, மாடு, கோழி, குதிரை, அல்பாக்கா, இந்த விளையாட்டிலேயே கற்பனையாகப் படைத்த மஃபலோ, பூமலோப் போன்ற மேயும் விலங்குகளுக்கு இனி வரைந்த கோடு புரியாது. உண்மையான வேலி வேண்டும், கதவு வேண்டும், நடுவில் மார்க்கர் வேண்டும். இல்லாவிட்டால் அவை அலைந்து அலைந்து வரைபடத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். நாய், பூனை, யானை போன்றவற்றுக்கு மட்டும் பழைய ஏரியா முறை தொடர்கிறது. உங்கள் கட்டுரையாளர் பழைய பதிப்பில் ஆடிய நினைவில் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு இன்று புதிதாகத் தொடங்கும் ஒரு பிள்ளை, ஆட்டுக்கு ஏரியா எங்கே என்று விலங்குகள் பட்டியலில் தேடிக்கொண்டே இருக்கும்.

சரி, மார்க்கருக்கு வருகிறேன். அதைக் கிளிக் செய்தால் ஒரு சின்னக் கணக்குப் புத்தகம் திறக்கிறது. இந்தப் பட்டியில் ஒரு நாளைக்கு எவ்வளவு மேய்ச்சல் விளைகிறது, உள்ளே நிற்கிற விலங்குகள் எவ்வளவு தின்கின்றன, பருவத்துக்குப் பருவம் அது எப்படி மாறும், சேமித்து வைத்த தீவனம் எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. வரவும் செலவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தினமும் பேரேடு பார்க்கிற எனக்கு அதைப் பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது. வேலையில் நான் ஒருநாளும் செய்யாத தப்பை அங்கே செய்திருந்தேன். கோடையின் வரவை மட்டும் பார்த்து வருடம் முழுவதற்குமான செலவை இழுத்துவிட்டிருந்தேன்.

ஏன் என்றால், இந்த விளையாட்டில் வெப்பம் 0 பாகைக்குக் கீழே போனால் செடி வளராது. 0 முதல் 6 வரை மெல்ல வளரும். 6 முதல் 42 வரைதான் முழு வேகம். போதாதற்கு இரவிலும் செடிக்கு ஓய்வு. காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணி வரைக்கும்தான் வளர்ச்சி. வைக்கோல் புல்லுக்கு 7 நாள் வளர்ச்சி என்று போட்டிருப்பதை நம்பி 7 நாளில் அறுக்கலாம் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். நல்ல மண்ணில்லாத சாதாரண நிலத்தில் கிட்டத்தட்ட 13 நாள் பிடிக்கும். அப்படியானால் 30 நாள் வளர்பருவத்தில் இரண்டு அறுப்புதான் கிடைக்கும். மூன்றாவதை எதிர்பார்த்து விதைத்தால் உறைபனி வந்து கொண்டுபோய்விடும். நான் இரண்டு முறை இழந்திருக்கிறேன்.

இப்போது என் மூன்றாவது காலனியில் நான் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் வாசகர்கள் யாராவது தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். வளர்க்க நினைத்த மந்தைக்கு மார்க்கர் காட்டிய தினசரித் தீனி, ஊட்ட அளவில், சுமார் 10. புல் வளராத நாள் 30. ஆக 300 வேண்டும். ஒரு வைக்கோலின் ஊட்டம் 0.05. 300-ஐ 0.05-ஆல் வகுத்தால் 6,000 வைக்கோல். சாதாரண அமைப்பில் ஒரு செடி 18 வைக்கோல் தரும். ஆக 334 செடி. இரண்டு அறுப்பு என்பதால் ஒவ்வொரு தடவையும் 167. காட்டு விலங்கு மேயும், கருகும், அறுப்பவர் கை தவறும், அதற்கெல்லாம் சேர்த்து 15-க்கு 12 என்று 180 கட்டத்தில் விதைத்தேன். 6,000 வைக்கோலை எங்கே வைப்பது? ஒரு அடுக்கில் 200 நிற்கும், ஆக 30 அடுக்கு. 1.4 பதிப்பிலிருந்து அலமாரியில் ஒரு கட்டத்துக்கு 3 அடுக்கு வைக்கலாம். ஒரு அலமாரி இரண்டு கட்டம், எனவே 6 அடுக்கு. 5 அலமாரி போதும். அந்த 5 அலமாரிக்கும் மேலே கூரை இருந்தே ஆக வேண்டும். வெட்டவெளியில் கிடந்தால் வைக்கோல் நாளுக்கு நாள் கெட்டுக் குறைந்துபோகும்.

இந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் மூன்றாவது காலனியில் முதல் ஆட்டைப் பழக்க ஆள் அனுப்பினேன். ஆடு எங்கேயும் ஓடிவிடவில்லை. வரைபடத்தில் மேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆடு போனாலும் இன்னொரு மந்தை வரும், வியாபாரியிடமும் வாங்கலாம். தீவனத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. பனி விழுந்த பிறகு அதைத் தேடிப் போக இடமே இல்லை.

பட்டி அமைப்பதில் நான் ரொம்ப நாள் தடுமாறிய விஷயம் ஒன்று உண்டு. பெரிதாக ஒரே பட்டி போடுவதா, சிறிதாக இரண்டா? இப்போது இரண்டுதான் போடுகிறேன். புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டால் அந்த இடம் மறுபடி பச்சை கட்ட நிறைய நாளாகிறது. ஒரு பட்டி தேய்ந்ததும் அதன் மார்க்கரில் ஆடுமாடுகளின் பெயர்களை அடையாளம் நீக்கிவிடுவேன். பராமரிப்பவர் வந்து ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு அடுத்த பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் முன்னால் நடக்க, பின்னால் இரண்டு மூன்று ஆடுகள் வரிசையாகப் போவதை நான் வேகத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பேன். அதற்கு அரை நாள் போகும், உண்மை. அறுப்பு நேரத்தில் மட்டும் மாற்ற மாட்டேன்.

வேலியைப் பற்றியும் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. அந்த வேலி மேய்கிற விலங்கைத்தான் தடுக்கும். மனிதர்கள் ஏறித் தாண்டுவார்கள், ஓநாயும் தாண்டும். காட்டில் இரை குறைந்தால் ஓநாயும் மலைச்சிங்கமும் நேராக உங்கள் பட்டிக்குத்தான் வரும். அதனால் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், துப்பாக்கி எட்டும் இடத்தில் பட்டி இருக்க வேண்டும். ஒதுக்குப்புறமாக நல்ல புல்வெளி இருக்கிறதே என்று தள்ளிப் போட்டால் மறுநாள் காலையில் எலும்புதான் மிஞ்சும். இன்னொன்று, கொள்ளையர் வந்துபோன பிறகு காயம்பட்டவர்களைப் பார்த்த கையோடு வேலியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். ஒரு கட்டம் உடைந்திருந்தாலும் பட்டி மூடப்படவில்லை என்று மார்க்கர் சொல்லும். நாம்தான் அதைக் கவனிக்க மாட்டோம். நான் ஒரு முறை அப்படித்தான் ஒரு சினைப் பசுவையும் இரண்டு ஆடுகளையும் தொலைத்தேன். மாலையில் எண்ணினேன், 3 குறைந்தது.

பட்டிக்குள் ஒரு மூலையில் கூரை போட்ட தொழுவம் அவசியம். பாதிப் பட்டிக்கு மேல் கூரை போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் இல்லாத இடத்தில் புல் வளராது. ஆனால் நச்சுப்பொழிவு என்று ஒரு நிகழ்வு வரும். வானத்திலிருந்து நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும், கூரை இல்லாத இடத்தில் நிற்கிற உயிரெல்லாம் மெல்ல மெல்லச் சாகும், செடியும் பட்டுப்போகும். அது எத்தனை நாள் நீடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அந்த நேரத்தில் மொத்த மந்தையும் அடங்குகிற அளவுக்குத் தொழுவமும், அதற்குள்ளேயே வைக்கோல் அலமாரியும் இருந்தால் பிழைத்தோம். பட்டியையும் தொழுவத்தையும் இணைக்கிற இடத்தில் விலங்குகள் தாமாகத் தள்ளிக்கொண்டு போகிற மடிப்புக் கதவை வையுங்கள். தரைக்கு வைக்கோல் பாய் போட்டால் அழுக்கும் குறையும்.

பூமலோப்பைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கறந்தால் எரிபொருள் தரும் விலங்கு அது. செத்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். அதன் பட்டியையும் வைக்கோல் கிடங்கையும் அக்கம்பக்கத்தில் வைக்கவே கூடாது.

கோழிக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் காலனிகளை அழித்ததில் கொள்ளையருக்கு அடுத்த இடம் கோழிக்குத்தான் என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். ஒரு கோழி நாளுக்கு ஒரு முட்டை இடும். சேவல் இருந்தால் அதெல்லாம் கருக்கூடிய முட்டை. எடுத்து உள்ளே வைக்கத் தாமதமானால் பொரிந்துவிடும். 8 கோழி ஒரே கோடையில் 60-ஐத் தாண்டியதை நான் பார்த்திருக்கிறேன். அத்தனையும் தின்கிறது, கணினியும் திணறுகிறது. முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால், கருக்கூடிய முட்டையை உறைபதன அறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 0 பாகைக்குக் கீழே போனால் கரு கெட்டுவிடும், ஆனால் சமையலுக்கு ஆகும். விலங்குகள் பட்டியலில் தானாகக் கழிக்கும் ஏற்பாடும் இருக்கிறது, அதுவும் 1.3-இல் வந்ததுதான். மொத்தம் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று உச்சவரம்பு போட்டுவிட்டால் மிஞ்சுவதைக் கசாப்புக்குக் குறித்துவிடும்.

முதலில் எனக்கு அந்தக் கட்டத்தில் எண் போடவே மனம் வரவில்லை. திரையில் அசைகிற படம்தான் என்று தெரியும். இருந்தாலும் நான் பெயர் வைத்த ஆடு அதில் இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகப் பசியில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் போட்டேன். பசியில் சாக விடுவதைவிட, எத்தனைக்குத் தீவனம் இருக்கிறதோ அத்தனையை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை நன்றாக வைத்துக்கொள்வதுதான் வளர்ப்பு என்று எனக்குப் படுகிறது. இன்று என் மந்தையில் ஆட்டுக்கு உச்சவரம்பு 11. அதற்கு மேல் ஒன்றுகூட ஏற்றுவதில்லை.

இனி நாய். இங்கேதான் ஏரியா வருகிறது. லாப்ரடார், ஹஸ்கி இரண்டுக்கும் பாரம் சுமக்கவும், விழுந்தவரைத் தூக்கி வரவும் பழக்கலாம். ரொம்ப உபகாரம். ஆனால் சுமக்கிற நாய்க்குக் கிடங்குக்குள் போக அனுமதி வேண்டும். அனுமதி கொடுத்தால் உள்ளே அடுக்கி வைத்திருக்கிற சமைத்த சாப்பாட்டையும் தின்னும், பீரையும் குடிக்கும். இதற்கு முழுமையான தீர்வு கிடையாது. நான் செய்வது என்னவென்றால், சாப்பாட்டை மட்டும் தனி அறையில் வைத்து அந்த அறையை நாயின் ஏரியாவிலிருந்து அழித்துவிடுவேன். நாய் படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கிபிள் என்ற விலங்குத் தீனியை வைத்துவிடுவேன். கசாப்பு மேசையில் இறைச்சியோடு வைக்கோலைச் சேர்த்தே கிபிள் செய்யலாம், மனிதர் சாப்பாட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

மருத்துவ அறையையும் அழித்துவிடுங்கள். என் இரண்டாவது காலனியில் நாய்களுக்கு எல்லை எதுவும் வைக்கவில்லை. மருத்துவ அறை சூடாக இருக்கிறது என்று மூன்றும் அங்கேதான் படுத்தன. தரையெல்லாம் அழுக்கு. அந்த அறையின் சுத்தம் குறையக் குறையக் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. கத்திக்காயத்தோடு படுத்திருந்த என் சமையல்காரரைச் சீழ் கொண்டுபோனது. வைத்தியம் தெரிந்த ஆளும் இருந்தார், மருந்தும் இருந்தது. ஏரியாவிலிருந்து அந்த அறையின் 20 கட்டங்களை அழித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

இன்னொரு ஏரியாவும் இப்போதே வரைந்து வைக்கச் சொல்லுங்கள். சுவர்களுக்குள் ஒரு அறை மட்டும் அடங்கிய சின்ன ஏரியா. கொள்ளையர் வருகிறார்கள் என்று சிவப்புக் கடிதம் வந்ததும், வேகத்தை நிறுத்தி, எல்லா நாய்க்கும் அந்த ஏரியாவை மாற்றிவிட வேண்டும். சண்டை நேரத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்க முடியாது. பிணைப்பு உண்டான நாய் செத்தால் அதன் துணைவர் நாள் கணக்கில் மனம் ஒடிந்து கிடப்பார், அந்த நேரத்தில் அடுத்த கூட்டம் வந்தால் சமாளிப்பது கஷ்டம். என் லாப்ரடார் ஒன்று, எறிந்த ஈட்டிக்கு நடுவில், வெளியே விட்ட சோளத்தைக் கவ்விக்கொண்டு நிதானமாக வாசலைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எனக்கு அதை உள்ளே இழுக்க ஒரு ஏரியா இல்லை. பாதி வழியில் விழுந்துவிட்டது. சோளம் பக்கத்தில் கிடந்தது.

இது ஒரே ஒரு விளையாட்டின் விசித்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-இல் வந்த ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட் விளையாட்டில் கல்லைத் தின்று நிலக்கரி போடும் ஹேட்ச் என்ற பிராணி இருக்கிறது. ஒன்றுக்கு 12 கட்டம் இடம் வேண்டும். தொழுவ அறையின் உச்ச அளவு 96 கட்டம், ஆக 8-க்குத்தான் இடம். ஒன்பதாவதை உள்ளே விட்டால் நெரிசலில் எல்லாமே வாடிப்போகும். போட்ட முட்டைக்கும் சேர்த்து இடம் கணக்கிடுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இன்னும் பிறக்காத குஞ்சுக்கும் அங்கே இடம் ஒதுக்கியாக வேண்டும்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆடியவர்களுக்குப் பூனைக் கதை தெரிந்திருக்கும். 2006-இலிருந்து வந்துகொண்டிருக்கும் விளையாட்டு அது. 2015 டிசம்பரில் அதில் மதுக்கூடங்கள் சேர்க்கப்பட்டதும் பூனைகள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கின. துருவிப் பார்த்தபோது தெரிந்தது இதுதான். குள்ளர்கள் தரையில் மதுவைச் சிந்துகிறார்கள், அதன் மேல் பூனை நடக்கிறது, பிறகு தன் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது. ஒரு நக்கலுக்கு ஒரு கோப்பை மது என்று நிரல் கணக்குப் போட்டுவிட்டது. அது நிரல் பிழை, திருத்திவிட்டார்கள். ஆனால் பூனை எங்கே நடமாடுகிறது, அங்கே தரையில் என்ன கிடக்கிறது என்பதுவரை ஒரு விளையாட்டு கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்றால், அதைப் பற்றி எழுதுகிறவர்களும் இருப்பிடத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதலாம் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே ஐயா, அடுத்த இணைப்பிதழில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மேயும் விலங்குக்கு வேலியும் மார்க்கரும், நாய் பூனைக்கு ஏரியா என்று ஒரு வரி. பழக்குவதற்கு முன்னால் மார்க்கரின் தீவனக் கணக்கையும் இடத்தின் வளர்பருவ நாளையும் பார்க்கச் சொல்லி இன்னொரு வரி. இடம் இருந்தால் வைக்கோல் கணக்கையும் ஒரு மாதிரிக்குப் போடலாம். நான் மேலே கொடுத்திருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பெயர்கூட வேண்டாம்.

என் மூன்றாவது காலனியில் இப்போது இலையுதிர்காலம் 9-ஆம் நாள். இரண்டாவது அறுப்பு நேற்று ராத்திரிதான் முடிந்தது. 6,000-க்கு இன்னும் 340 வைக்கோல் குறைகிறது. ஆட்டையோ பசுவையோ இனி பழக்கப்போவதில்லை. இன்று மாலை உட்கார்ந்ததும் முதல் வேலையாக வேலிக்கு வெளியே நிற்கிற புல்லையும் சேர்த்து வளைக்கிற மாதிரி கிழக்குப் பக்கம் பட்டியை 6 கட்டம் தள்ளிப் போடப்போகிறேன். உறைபனிக்கு முன்னால் அவை அதை மேய்ந்துவிட்டால் அந்த 340 ஈடாகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி